நான்கு நிமிடத்தைத் தொலைத்துவிடாதீர்கள்: மட்சுமோட்டோ செய்ச்சோவைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

1957-இல் டோக்கியோ ரயில் நிலையத்தின் 13-ஆம் நடைமேடையில் நின்றவருக்கு 15-ஆம் நடைமேடையில் நிற்கும் வண்டி பெரும்பாலும் தெரியாது. நடுவில் வந்துபோகும் வண்டிகள் மறைத்துக்கொண்டே இருக்கும். ஹக்காத்தா போகும் இரவு விரைவு வண்டி 'அசகஸே' 17.49-க்கு 15-இல் வந்து நிற்கிறது, 18.30-க்குக் கிளம்புகிறது. இந்த நாற்பத்தொரு நிமிடத்தில் 17.57 முதல் 18.01 வரை மட்டும் நடுவில் எந்த வண்டியும் இல்லை. ஒருவர் இரண்டு பெண்களை 13-ஆம் நடைமேடைக்கு அழைத்துவந்து, அந்த நான்கு நிமிடத்துக்குள் எதிர்ப்பக்கம் கைகாட்டி, "அதோ பாருங்கள், உங்கள் தோழி" என்கிறார். தற்செயலாகப் பார்த்ததா, பார்க்கவைத்ததா? ஜப்பானியத் துப்பறியும் கதை எழுத்தாளர் மட்சுமோட்டோ செய்ச்சோவின் 'புள்ளியும் கோடும்' நாவல் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

இதைத் தமிழாக்குபவர் "மாலை ஆறு மணி வாக்கில்" என்று எழுதிவிட்டால் நாவல் அந்த வரியோடு முடிந்துபோகும். வாக்கியம் அழகாகவே இருக்கும். கொலை மட்டும் நடக்க முடியாததாகிவிடும். செய்ச்சோவில் விவரம் என்பது கதைக்குப் பூசிய வர்ணம் அல்ல, அதுவேதான் துப்பு. ஜப்பானிய மூலத்தை வரிவரியாகப் படிக்கிற சிலர் சேர்ந்து உங்களுக்கு இந்த மடலை எழுதக் காரணம் இதுதான். அவரைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் எந்தெந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தவரை சொல்லிவிடுகிறோம்.

இந்தத் துல்லியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னுரைகளில் அவரைச் சும்மா 'ஜப்பானின் துப்பறியும் கதை மன்னர்' என்று எழுதிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. அவர் 1909-இல் பிறந்தவர். வளர்ந்தது கியூஷு தீவின் வடமுனையில் இருக்கும் கொக்குராவில். வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்போடு நின்றது. பதினைந்து வயதில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் எடுபிடிப் பையன். பிறகு அச்சகத்தில் கல்லச்சுக்கு மூலம் வரையும் தொழிலாளி: எழுத்தும் கோடும் மயிரிழை விலகாமல் விழ வேண்டிய வேலை. 1929-இல் இடதுசாரி இலக்கியப் பத்திரிகைகளைப் படித்தார் என்பதற்காகப் போலீஸ் பிடித்துச் சில நாள் வைத்திருந்தது. வீட்டில் இருந்த புத்தகங்களை அப்பா எரித்துவிட்டார். பிறகு அசாஹி நாளிதழின் கியூஷு அலுவலகத்தில் விளம்பரங்களுக்கு வடிவம் வரையும் வேலை. நிரந்தரப் பணி கிடைக்கவே சில ஆண்டுகள் ஆயின. போரில் ராணுவ மருத்துவப் பிரிவுச் சிப்பாயாகக் கொரியாவுக்குப் போனார். போர் முடிந்து திரும்பியபின் சம்பளம் போதாமல், துடைப்பத்தை மொத்தமாக வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டு விற்றார். அந்த வியாபாரத்துக்காக நெரிசலான ரயில்களில் ஹிரோஷிமா, ஒசாக்கா என்று அலைந்தார்.

கால அட்டவணையை வைத்துக் கொலை செய்யும் பாத்திரத்தைப் படைத்தவர் சொகுசுப் பயணி அல்ல, அடுத்த வண்டி எப்போது என்று பார்த்துப் பார்த்துத் துடைப்பக்கட்டைச் சுமந்தவர் என்பது முன்னுரையில் ஒரு வரியாவது வர வேண்டும்.

எழுத வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1950-இல் ஒரு வாரப் பத்திரிகைப் போட்டியில் மூன்றாம் பரிசு. 1952-இல் எழுதிய 'ஒரு கொக்குரா நாட்குறிப்பின் வரலாறு' கதைக்கு ஜப்பானின் பெரிய இலக்கிய விருதான அக்குத்தகாவா விருது கிடைத்தது. அந்தக் கதையில் கொலை இல்லை, போலீஸ் இல்லை. எழுத்தாளர் மோரி ஓகாய் 1899 முதல் 1902 வரை கொக்குராவில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு காணாமல் போய்விட்டது. உடல் ஊனமுற்ற இளைஞன் ஒருவன், ஓகாயை நேரில் கண்ட முதியவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டு, அந்த மூன்று ஆண்டுகளை மீட்டெழுத முயல்கிறான். அவன் இறந்த மறு ஆண்டு நிஜ நாட்குறிப்பு கிடைத்துவிடுகிறது. தேர்வுக்குழுவில் இருந்த சக்காகுச்சி ஆங்கோ, இந்த நடை கொலையாளியையும் துரத்திப் பிடிக்கவல்லது என்ற பொருளில் அப்போதே எழுதினார். பரிசுக்குறிப்புகளில் இப்படிப் பலித்த ஜோசியம் அபூர்வம்.

1956-இல் வேலையை விட்டார். 'புள்ளியும் கோடும்' 1957 பிப்ரவரி முதல் ஓராண்டு ஒரு சுற்றுலாப் பத்திரிகையில் தொடராக வந்தது. ரயில் நேரம் பார்க்கவும் ஊர் பார்க்கவும் வாங்குகிற பத்திரிகையில் ரயில் நேரத்தாலேயே ஒரு கொலை! 'சுழியின் குவியம்' 1959-இல் நூலாயிற்று, 'மணல் கலம்' 1960-61-இல் யொமியூரி நாளிதழின் மாலைப் பதிப்பில் வந்தது. கை எழுத மறுத்துச் சுண்டி இழுக்கும் அளவுக்கு எழுதியதால் ஒன்பது ஆண்டுகள் ஒரு சுருக்கெழுத்தாளரை வைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 1992 ஆகஸ்ட் 4-இல் இறக்கும்போது ஏறத்தாழ ஆயிரம் படைப்புகள். கொக்குராக் கோட்டைக்குப் பக்கத்தில் 1998-இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில், டோக்கியோவில் இருந்த அவருடைய எழுத்தறையையும் சுமார் 30,000 புத்தகங்கள் கொண்ட நூலகத்தையும் அப்படியே மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு முந்தைய ஜப்பானியத் துப்பறியும் கதைகளில் பாழடைந்த மாளிகைகளும் விசித்திர மேதைகளும் அதிகம். அந்தக் கதையைத் திருவிழாப் பேய்வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர விரும்பியதாக அவரே எழுதினார். கொண்டுவந்தும் விட்டார். அவர் கதையில் சாகிறவர் பெரும்பாலும் அரசு அலுவலகத்தின் நடுமட்ட ஊழியர். ஊழல் விசாரணை நெருங்கும்போது எல்லாம் தெரிந்த அந்த நடு ஆள் இறந்துபோகிறார். மேலே இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. இதைத் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உரிமை. இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. செய்ச்சோ இறந்தது 1992 என்பதால் இந்தியாவில் 2052 முடியும்வரை உரிமை உயிரோடு இருக்கிறது. ஜப்பான் 2018 டிசம்பர் 30 முதல் 50 ஆண்டை 70 ஆக்கிவிட்டது, ஆகவே அங்கே 2062 வரை. இலங்கையிலும் 70 ஆண்டுதான். "பழைய கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதாக இருந்தால் இரண்டு உரிமை வாங்க வேண்டும்: மூலத்துக்கு ஒன்று, ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இன்னொன்று. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் மொழி 'தமிழ்' என்பதோடு விற்பனை எல்லை இந்தியாவா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவும் சேர்ந்தா, மின்னூலும் ஒலிநூலும் உண்டா, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் தனித்தனியே எழுத்தில் இருக்க வேண்டும். ஒலிநூலைச் சேர்க்க மறந்துவிட்டுப் பிறகு தனியே கேட்டால் விலை வேறு. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்புக்கும் அச்சுக்கும் நிதியுதவி தருகிறது. விண்ணப்பிக்க வேண்டியது பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர் அல்ல.

உரிமைச் செலவே முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. செய்ச்சோவுக்கு முந்தைய துப்பறியும் கதை எழுத்தாளர் எதொகாவா ரம்போ 1965-இல் இறந்தவர். ஜப்பானில் நீட்டிப்பு வருமுன்பே, 2015 முடிவில், அவருடைய உரிமை முடிந்தது. இந்தியாவில் 60 ஆண்டும் 2025-உடன் கடந்துவிட்டது. ஜப்பானிய மூலம் அஓஸொரா புன்கோ இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் விடுபட்டது மூலம் மட்டும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அல்ல. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ரம்போவைத் 'தமிழாக்கினால்' அதுவும் உரிமை மீறலே.

ஆங்கிலம் வழியாக வருவதில் உரிமையைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. ஜப்பானியமும் தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். செய்ச்சோ ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குண்டு வைத்திருந்தால் தமிழில் அதே இடத்தில் வைக்கலாம். ஆங்கிலத்துக்குப் போய்வந்தால் அது முன்னாலேயே வெடித்துவிட்டிருக்கும். மரியாதைப் படிகளும் அப்படித்தான். யார் யாரை 'நீ' என்கிறார், யார் 'நீங்கள்' என்கிறார் என்பது ஜப்பானிய மூலத்தில் வினை வடிவிலேயே தெரியும். ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே மாதிரி. அங்கிருந்து வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது, புதுமணத் தம்பதிக்கு நடுவே தப்பாக ஊகிக்கிறார்.

உறவுச்சொல்லைப் பாருங்கள். 'சுழியின் குவியம்' நாவலில் தெய்க்கோ என்ற பெண்ணுக்குப் பெண்பார்த்து முடித்த கல்யாணம். தேனிலவு முடிந்து சில நாளில், பழைய பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கனசாவாவுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அவரைத் தேடுகிறவர்களில் கணவரின் அண்ணனும் ஒருவர். ஜப்பானியத்தில் அண்ணன் வேறு, தம்பி வேறு, தமிழில் இருப்பது போலவே. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் 'கொழுந்தனார்' என்று எழுதினால் வாசகர் அவரைத் தெய்க்கோவின் கணவருக்கு இளையவர் என்று எண்ணிக்கொள்வார். அவர் மூத்தார். அந்த வீட்டில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே அதனால் மாறுகிறது.

இப்போது தமிழுக்கே உரிய பொறி. ஜப்பானிய வினையில் ஆண், பெண், ஒருவர், பலர் எதுவும் தெரியாது. 'வந்த' என்ற அளவில் வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று எதையாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரவில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்துபோன காட்சியில் 'வந்தாள்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளரே கொலையாளியைப் பிடித்துக்கொடுத்துவிடுகிறார், நூற்றைம்பது பக்கம் முன்னாலேயே. 'வந்தார்' என்று எழுதினால் போதுமே என்று தோன்றும். போதாது. அதுவரை எல்லா ஆண்களையும் 'அவன்' என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் மட்டும் 'வந்தார்' என்றால் வாசகர் உடனே காதைத் தீட்டிக்கொள்வார். எனவே முதல் பக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும்: பெரியவர்கள் எல்லாருக்கும், துப்பறிபவருக்கும் சந்தேகப்படுபவருக்கும், 'ஆர்' விகுதி. கொலையாளி 'கொன்றார்' என்பது ஆரம்பத்தில் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். நாளிதழ்களில் 'திருடன் தப்பியோடினார்' என்று படித்துப் பழகிவிட்ட நமக்கு இது பெரிய விஷயமில்லை. சிக்கலான ஓரிரு இடத்தில் வினையை ஆளிடமிருந்து பொருளுக்கு மாற்றுங்கள்: 'கதவு திறந்தது', 'படியில் காலடிச் சத்தம் ஏறியது', 'வந்துபோன ஆளின் குடை'. பன்மைக்கும் இதே எச்சரிக்கை. வந்தது ஒருவரா இருவரா என்பதை மூலம் மறைத்திருந்தால் நீங்களும் மறைக்க வேண்டும்.

பெயர்களை எழுதுவதில் தமிழுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. குறில் நெடில் பிரித்துக் காட்டலாம், இது வசதி. தொல்லை, சொல்லின் நடுவே ஒற்றைக் ககரத்தை நாம் மெலிந்த ஒலியாகவே படிக்கிறோம் என்பது. ஊர்ப்பெயரை 'கொகுரா' என்று எழுதினால் தவறான ஒலி, 'கொக்குரா' என்றால் ஜப்பானியத்தில் நிஜமாகவே ஒலி இரட்டிக்கும் பெயர்களோடு குழப்பம். நாங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் வாசகர் வாய்விட்டுப் படிக்கும்போது மூலத்துக்கு அருகில் வருவது அதுதான். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் முடிவை அட்டவணையாக எழுதி, மொழிபெயர்ப்பாளர், செப்பனிடுபவர், மெய்ப்புப் பார்ப்பவர் மூவர் மேசையிலும் வைத்துவிட்டுத்தான் முதல் அத்தியாயம் தொடங்க வேண்டும். குடும்பப்பெயர் முதலில், இடுபெயர் பிறகு என்ற ஜப்பானிய வரிசையை மாற்ற வேண்டாம். முதலெழுத்து போட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமும் அல்ல.

ஒரு பெயர் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 'மணல் கலம்' நாவலைவிட நல்ல உதாரணம் கிடையாது. (நாவலில் அவிழும் முடிச்சுகளை இந்தப் பத்தியும் அடுத்த இரண்டும் அவிழ்க்கின்றன. படிக்காதவர்கள் மூன்று பத்தி தாண்டிவிடலாம்.) டோக்கியோவின் கமாட்டா ரயில் பணிமனையில் ஒரு பிணம். முந்தின இரவு பக்கத்து மதுக்கடையில் அந்த மனிதர் இன்னொருவரோடு பேசியதைக் கேட்டவர்கள் இரண்டு விஷயம் சொல்கிறார்கள்: பேச்சு வடகிழக்குப் பகுதி வட்டார வழக்கு, அடிக்கடி காதில் விழுந்த சொல் 'கமெடா'. போலீஸ் வடகிழக்கில் கமெடா என்ற ஆளைத் தேடுகிறது, ஊரைத் தேடுகிறது, அலைகிறது. பிறகுதான் துப்பறிபவர் இமானிஷி மொழி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்: நாட்டின் மேற்கில், இசுமோ வட்டாரத்திலும், வடகிழக்குப் பேச்சைப் போலவே ஒலிக்கும் வழக்கு உண்டு. வரைபடத்தைத் துழாவினால் கிசுக்கி ரயில்பாதையில் ஒரு ஊர், 'கமெடக்கே'. கடைசி அசை தேய்ந்து விழுந்ததுதான் அத்தனை அலைச்சலுக்கும் காரணம். இரண்டு சொல்லும் தமிழில் ஒரே எழுத்துகளோடு தொடங்கியாக வேண்டும். முதலில் 'காமேதா' என்றும் நூறு பக்கம் தள்ளி 'கமெடக்கே' என்றும் வந்தால் வாசகர் அந்தக் கணத்தின் திடுக்கிடலை இழந்துவிடுவார்.

இங்கே ஒரு ஆசை வரும்: இசுமோக்காரரை நெல்லைத் தமிழிலும் வடகிழக்குக்காரரைக் கொங்குத் தமிழிலும் பேசவைத்தால் என்ன? கூடவே கூடாது. நெல்லையும் கொங்கும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இந்த நாவலுக்கு வேண்டியதோ, தொலைவில் இருக்கும் இரண்டு வழக்குகள் அந்நியர் காதுக்கு ஒன்றாகக் கேட்பது. வாசகரும் இமானிஷியை மறந்துவிட்டு அல்வாக் கடையை நினைத்துக்கொள்வார். பேச்சைப் பொதுத் தமிழிலேயே எழுதிவிட்டு, சகர ஒலிகள் குழைவதை ஒரு வரியில் சொல்லுங்கள், மூலமும் பெரிதாக அதற்குமேல் போவதில்லை. அந்த இடத்தில் 'ஜப்பானில் இப்படி இரு வட்டாரங்கள் உண்டு' என்று அறிவுஜீவி அடிக்குறிப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். அடிக்குறிப்பு இமானிஷியை முந்திக்கொள்ளும். குறிப்புகள் எல்லாம் நூலின் பின்னால், அத்தியாய எண்ணோடு இருக்கட்டும்.

அதே நாவலில் தொழுநோய் வருகிறது, கதையின் வேரிலேயே. நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து அடைத்துவைத்த சட்டத்தை ஜப்பான் 1996-இல்தான் நீக்கியது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவுகளை இந்தியா 2019-இல் எடுத்தது. கதை சொல்பவரின் குரலில் 'தொழுநோய்' என்றே எழுதுங்கள். பாத்திரங்கள் இழிவாகப் பேசும் இடத்தில் மட்டும் அந்தக் காலத்து வசைச்சொல் இருக்கட்டும். அதை மழுப்பினால் ஒரு மனிதன் தன் கடந்தகாலத்தை ஏன் புதைக்கிறான் என்பதே விளங்காது. பின்னட்டையில் இந்த நோயின் பெயர் வரக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறோம்.

இமானிஷி பதவியில் இன்ஸ்பெக்டர் அல்ல. 1989-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு தலைப்பிலேயே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. ஜப்பானியப் போலீஸின் கீழ்ப் படிகள் நான்கு: ஜுன்சா, ஜுன்சா-புச்சோ, கெய்புஹோ, கெய்பு. நம் காவல்துறையில் இவற்றுக்கு ஏறக்குறைய நிகர் காவலர், ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர். இமானிஷி இரண்டாம் படி. நாற்பத்தைந்து வயதில் இன்னும் ஏட்டு. சந்தையில் மலிவான போன்சாய்ச் செடி ஒன்றை வாங்குவதற்கே யோசிக்கிறவர். அவரை 'ஆய்வாளர் இமானிஷி' ஆக்கினால் அந்தச் செடிக்கு ஏன் அவ்வளவு யோசிக்கிறார் என்பது புரியாது. 'புள்ளியும் கோடும்' நாவலின் மிஹாரா மூன்றாம் படி, எஸ்.ஐ. அவர் இருப்பது ஊழல் வழக்குகளைப் பார்க்கும் இரண்டாம் புலனாய்வுப் பிரிவு, கொலை வழக்குப் பிரிவு அல்ல. கடற்கரையில் ஒரு ஆணும் பெண்ணும் இறந்துகிடந்த, பார்வைக்குச் சாதாரணமான 'காதல் ஜோடி தற்கொலை'க்கு ஊழல் பிரிவுக்காரர் ஏன் டோக்கியோவிலிருந்து வருகிறார் என்று உள்ளூர்க்காரர்கள் முகம் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பிரிவின் எண் முக்கியம்.

அந்த நாவலில் ஃபுக்குவோக்காவின் அனுபவசாலித் துப்பறிபவர் தொரிகாய், இறந்தவரின் சட்டைப்பையில் இருந்த, ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீதைப் பார்க்கிறார். 'ஒருவர்' என்று இருக்கிறது. காதலியோடு சாகப் போகிற ஆள் தனியாகவா சாப்பிடுவார்? மற்றவர்களுக்கு இது அற்பம். நம்மூர் ஓட்டல் ரசீதில் ஆள் கணக்கு வருவதில்லையே என்று யாராவது அந்த வார்த்தையை விட்டுவிட்டால் தொரிகாய்க்கு நாவலில் வேலையே இல்லை.

பிணங்கள் கிடந்த கடற்கரை கஷீயில். கஷீ என்ற பெயரில் இரண்டு ரயில் நிலையங்கள்: ஒன்று தேசிய ரயில்வேயுடையது, மற்றது நிஷிதெத்ஸு என்ற தனியார் ரயில்வேயுடையது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை. ஒரு ஜோடி முதல் நிலையத்தில் இரவு 9.24 வண்டியில் இறங்கியதாக ஒரு சாட்சி. இரண்டாவதில் 9.35 வண்டியில் இறங்கியதாக இன்னொரு சாட்சி. இடைவெளி பதினொரு நிமிடம். ஒரே ஜோடிதானா? தொரிகாய் கையில் கடிகாரத்தோடு அந்தத் தெருவில் வேகமாக நடந்து பார்க்கிறார், மெதுவாக நடந்து பார்க்கிறார். எப்படி நடந்தாலும் பதினொரு நிமிடம் ஆகவில்லை. இந்த அத்தியாயத்தில் 'கஷீ நிலையம்', 'நிஷிதெத்ஸு கஷீ நிலையம்' என்ற இரண்டு பெயரும் ஒவ்வொரு தடவையும் முழுசாக வர வேண்டும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நடை அழகுக்காக 'அந்த நிலையம்' என்று மாற்றிய செப்பனிடுபவர் ஒரு கொலையை மறைத்தவராகிறார்.

எண்கள் விஷயத்தில் இன்னும் சில. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். நம் ரயில்வே அட்டவணையும் அப்படித்தான், வாசகருக்குப் புதிதல்ல. ஆண்டுகள் மூலத்தில் பேரரசர் ஆட்சிக் கணக்கில் 'ஷோவா 32' என்று இருக்கும். அதோடு 1925-ஐக் கூட்டினால் 1957. 1926-ஐக் கூட்டித் தொடர் முழுவதையும் ஓராண்டு தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. வயதிலும் கவனம்: பிறந்த உடனே ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்று எண்ணும் பழைய முறையை 1950 முதல் சட்டம் மாற்றியது. பாத்திரங்கள் வாயில் பழைய கணக்கும் வரலாம். பணத்தை ரூபாயாக மாற்ற வேண்டாம். முன்னுரையில் ஒரே ஒரு முறை அளவுகோல் கொடுத்தால் போதும்: 1950-களில் ஒரு டாலர் 360 யென், 4 ரூபாய் 76 காசு. ஆக ஒரு ரூபாய்க்குச் சுமார் 75 யென். 'காத்திருப்பு' என்ற சிறுகதையில் கஞ்சக் கணவர் மனைவியிடம் தினமும் 100 யென் எண்ணி வைத்துவிட்டு வங்கி வேலைக்குப் போகிறார். எதிர்விடுதியின் ஜன்னலில் மஃப்டியில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் அந்தப் பெண்ணின் ஒவ்வொரு நாளையும் பார்க்கிறார். 100 யென் என்றால் அந்நாளைய ஒரு ரூபாய் ஐந்தணா. வாசகர் மிச்சத்தைத் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மொழிபெயர்ப்பு தொடங்குமுன் நீளத் தாள் ஒன்றில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நாள், மணி. மேலே பாத்திரங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அப்போது எங்கே, எந்த வண்டியில், யார் சாட்சி. 'புள்ளியும் கோடும்' 13 அத்தியாயம்தான். இரண்டு முறை படித்தால் கட்டம் நிறைந்துவிடும். வடக்குத் தீவான ஹொக்காய்தோவுக்குப் போகும் பகுதியில் ரயிலும் அஓமோரி–ஹக்கோதாதே படகும் மாறி மாறி வரும். படகில் ஏறுகிறவர் தம் கையால் எழுதித்தரும் சீட்டையும் கட்டத்தில் சேருங்கள். அச்சுக்குப் போகுமுன் கதையே படிக்காத ஒருவர், வெறும் எண்களையும் ஊர்ப்பெயர்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கதை தெரிந்தவர் கண் எண்ணைத் தாண்டி ஓடிவிடும். நூலில் அட்டவணைப் படம் வருமிடத்தில் பக்க அளவுக்காகச் சுருக்கி எண்கள் ஈயெறும்பாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேவையானால் இரண்டு பக்கத்துக்கு விரியட்டும்.

"ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் இந்தத் திட்டமே குலைந்துவிடாதா?" என்று நம் வாசகர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி, ஜப்பானியரே கேட்டிருக்கிறார்கள். பதிலைப் பின்னுரையில் சொல்லலாம், கதைக்குள் நுழைத்து விளக்க வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், சிறுகதைகளிலிருந்து. 'காத்திருப்பு', 'முகம்', 'ஒரு கொக்குரா நாட்குறிப்பின் வரலாறு' மூன்றையும் சேர்த்து ஒரு மெல்லிய நூல். அதில் கை பழகியபின் 'புள்ளியும் கோடும்', அடுத்து 'சுழியின் குவியம்'. 'மணல் கலம்' ஜப்பானில் இரண்டு தொகுதி. மாத நாவல் அளவுக்கு வெட்டுவதாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வெட்டாமல் வாரத் தொடராகப் போடலாம், அவை பிறந்ததே தொடர்களாகத்தான். தலைப்புகளை 'ரத்த ரயில்', 'மர்மக் கடற்கரை' என்று மாற்ற விற்பனைப் பிரிவு கேட்கும். புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் கோலம் போடுகிற ஊரில் 'புள்ளியும் கோடும்' என்ற தலைப்பைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு புள்ளிகளைக் கண்டதும் கண் தானாகவே ஒரு கோட்டை இழுத்துவிடுகிறது என்பதுதான் அந்த நாவலின் சூழ்ச்சியும்.

பெயர் அட்டவணையும் நேரக் கட்டமும் போடுவதில் சந்தேகம் வந்தால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம். நேரக் கட்டத்தின் நகலை நூலில் சேர்த்துவிட மட்டும் வேண்டாம். அதில் எட்டாம் அத்தியாயத்துக்குமேல் எல்லாம் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஜப்பானிய மூலத்திலிருந்து படிக்கும் சில தமிழ் வாசகர்கள்